ஷெல்லியின் ‘ஓசிமாண்டியஸ்’ கவிதையை ஆய்வது எப்படி: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

ஆங்கில இலக்கியம் படிக்கிற யாரைக் கேட்டாலும் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி 1817-இல் எழுதிய ‘ஓசிமாண்டியஸ்’ சானட்டின், அதாவது பதினான்கு வரிக் கவிதையின் கருத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்: அதிகாரம் நிலையில்லாதது, எப்பேர்ப்பட்ட மன்னனும் மண்ணோடு மண்ணாகப் போவான். சரி, தவறில்லை. ஆனால் இதைச் சொல்வதற்கு ஷெல்லி எதற்கு? நிலையாமையைப் பற்றி எல்லா மொழியிலும் பாடியாகிவிட்டது. கவிதையைத் திறந்து நீங்களே தேடிப் பாருங்கள், பதினான்கு வரியில் ஓரிடத்தில்கூட ‘அதிகாரம் அழியும்’ என்று எழுதியிருக்காது. மன்னன் தன் சிலையின் பீடத்தில் வெட்டச் செய்த சொற்களை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல், அவற்றைச் சுற்றி இருந்ததை மட்டும் எடுத்துவிட்டு, அவன் வாயாலேயே அவனைத் தோற்கடிக்கிறது இந்தக் கவிதை. அது எந்த வரியில், எந்த வழியில் நடக்கிறது என்று காட்டுவதற்குத்தான் ஆய்வு என்று பெயர். மற்றதெல்லாம் கருத்துச் சுருக்கம்.

கவிதையின் அச்சுப்பிரதி ஒன்றும் பென்சிலும் போதும். நோட்ஸ், இணையத்துச் சுருக்கம் எதையும் இப்போதைக்குத் திறக்க வேண்டாம். வரலாற்றையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அதற்கு உரிய இடம் பின்னால் வருகிறது.

படி 1: வரியை விட்டுவிட்டு வாக்கியத்தைப் பிடியுங்கள்

வாய்விட்டு இரண்டு மூன்று முறை வாசியுங்கள். வரி முடிகிற இடத்தில் நிற்காதீர்கள், நிறுத்தற்குறி இருக்கிற இடத்தில் நில்லுங்கள். அப்புறம் முழுக் கவிதையையும் உங்கள் சொந்தத் தமிழில் உரைநடையாக எழுதிப் பாருங்கள், அழகு பார்க்காமல். கிட்டத்தட்ட இப்படி வரும்:

பழம்பெரும் தேசம் ஒன்றிலிருந்து வந்த பயணியைச் சந்தித்தேன். அவர் சொன்னார்: உடம்பில்லாத இரண்டு பெரிய கல் கால்கள் பாலைவனத்தில் நிற்கின்றன. பக்கத்தில், மணலில் பாதி புதைந்து, உடைந்த முகம் ஒன்று கிடக்கிறது. அதன் கடுகடுப்பும் சுருங்கிய உதடும் ஆணையிட்டே பழகிய ஏளனமும், அந்தச் சிற்பி அந்த முகத்துக்குரியவனின் உள்ளத்தை எவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறான் என்று சொல்கின்றன. உயிரற்ற இந்தக் கல்லில் பதிந்துபோன அந்தக் குணங்கள், அவற்றைச் செதுக்கிய கையும் அவற்றை ஊட்டி வளர்த்த நெஞ்சும் போன பிறகும் பிழைத்திருக்கின்றன. பீடத்தில் இந்தச் சொற்கள்: ‘என் பெயர் ஓசிமாண்டியஸ், மன்னாதி மன்னன், வலியவர்களே, என் செயல்களைப் பாருங்கள், பார்த்து மனமொடிந்து போங்கள்!’ வேறெதுவும் மிச்சமில்லை. அந்தப் பெரும் இடிபாட்டைச் சுற்றி எல்லையில்லாமல், வெறுமையாக, தன்னந்தனியான சமதளமான மணல் வெகுதூரம் விரிந்து கிடக்கிறது.

இப்படி எழுதும்போது ஏழு, எட்டாம் வரிகளில் கட்டாயம் இடறும். அங்கே வருகிற ‘சர்வைவ்’ என்ற வினைக்கு எழுவாய் ‘குணங்கள்’, அதாவது அந்த ‘பேஷன்ஸ்’. செயப்படுபொருள் ‘கை’யும் ‘நெஞ்சு’ம். குணங்கள் அந்தக் கையையும் நெஞ்சையும் தாண்டி வாழ்கின்றன என்பதுதான் பொருள். கையும் நெஞ்சும் பிழைத்திருக்கின்றன என்று மாற்றிப் படித்தால் கவிதையின் நடுப்பகுதி முழுவதும் தலைகீழாகிவிடும். ஆகவே எழுவாயையும் வினையையும் பென்சிலால் கோடு போட்டு இணையுங்கள். நிறையப் பேர் இந்த வேலையைச் செய்யாமல் நேராகக் கருப்பொருளுக்குத் தாவுகிறார்கள், அதனால்தான் எல்லாக் கட்டுரையும் ஒரே மாதிரி இருக்கிறது.

படி 2: யார் பேசுகிறார்கள் என்று குறியுங்கள்

‘நான்’ என்று தொடங்குகிறவர் ஒரு வரியோடு விலகிக்கொள்கிறார். இரண்டாம் வரியின் முதல் இரண்டு சொல்லுக்குப் பிறகு கடைசிவரை பயணியின் பேச்சு. அவர் பேச்சுக்குள்ளே பீடத்துச் சொற்கள். அந்தச் சொற்களுக்குச் சொந்தக்காரன் மன்னன், வெட்டிய கை வேறு யாருடையதோ. ஆக மன்னனின் கட்டளை நம் காதுக்கு வந்து சேர்வதற்குள் கல், பயணி, ‘நான்’ என்று மூன்று கை மாறிவிட்டது. ஒருகாலத்தில் நேருக்கு நேர் நின்று ஆணையிட்டவன், இப்போது யாரோ யாரிடமோ சொல்லிக் கேட்ட செய்தியாகிவிட்டான். அந்தப் பயணிக்கும் பெயர் கிடையாது, அவர் அந்த ஊர்க்காரரா, அங்கே போய்வந்தவரா என்பதுகூடத் தெளிவில்லை. பென்சிலை எடுத்து ஒவ்வொரு குரலும் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் அடைப்புக்குறி போடுங்கள். மன்னனுக்குக் கிடைத்தது பதினான்கில் வெறும் இரண்டு வரி என்பது கண்ணுக்கே தெரியும்.

படி 3: கண் எந்த வரிசையில் நகர்கிறது?

கால்கள், முகம், உதடு, பீடம், எழுத்து, மணல். இந்த வரிசை தற்செயலானதில்லை. முதலில் கால், அதுவும் உடல் இல்லாத கால். அப்புறம் தரையில் கிடக்கிற முகம். நிமிர்ந்து பார்க்க வைப்பதற்காக எழுப்பிய சிலையை நாம் குனிந்துதான் பார்க்கிறோம். சிலை யாருடையது என்ற விவரம் பத்தாம் வரியில்தான் வருகிறது. அதற்குள் சிதைவை நாம் முழுதாகப் பார்த்து முடித்துவிட்டோம். பெயரை முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் ஒரு மாமன்னன் விழுந்த கதையாகத் தொடங்கியிருக்கும். இங்கே முதலில் கிடைப்பது உடைந்த கல், அந்தக் கல்லுக்குப் பிறகு ஒரு பெயர் ஒட்டப்படுகிறது.

படி 4: சிற்பியிடம் கொஞ்ச நேரம் நில்லுங்கள்

என் கணிப்பில் கவிதையின் மிக ஆழமான இடம் இதுதான், தேர்வுக் கட்டுரைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். மன்னனையும் மணலையும் பார்த்துவிட்டுப் பலரும் சிற்பியைக் கடந்து போய்விடுகிறார்கள். ஆனால் நான்காம் வரியின் பாதியிலிருந்து எட்டாம் வரி முடியும்வரை, ஏறத்தாழ கவிதையின் மூன்றில் ஒரு பங்கு, அவனுடைய வேலையைப் பற்றியது.

எட்டாம் வரியில் சிற்பியின் கை அந்தக் குணங்களை ‘மாக்’ செய்தது என்கிறார் ஷெல்லி. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் இந்த வினைக்கு அச்சு அசலாகப் போலச் செய்வது என்றும் பொருள் உண்டு, கேலி செய்வது என்றும் பொருள் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கூலிக்கு வேலை செய்த கைவினைஞன், மன்னன் கேட்டபடி அவன் முகத்தைச் செதுக்கிக் கொடுத்தான். அந்த முகத்தின் கடுகடுப்பையும் ஏளனத்தையும் ஒளிக்காமல் செதுக்கினான். மன்னன் அதைப் பார்த்துக் கம்பீரம் என்று மகிழ்ந்திருக்கலாம், நமக்கோ அது குற்றச்சாட்டாகத் தெரிகிறது. ‘ஆணையிட்டே பழகிய ஏளனம்’ என்று நான் எழுதியது மூலத்தில் ‘ஸ்னீர் ஆஃப் கோல்ட் கமாண்ட்’. நான்கே சொல்லில் ஒரு முழு ஆட்சிமுறை.

இங்கே உங்கள் கட்டுரைக்கு நல்ல கேள்வி ஒன்று கிடைக்கிறது: எல்லாம் அழிந்துவிட்டது என்றால் இது எப்படிப் பிழைத்தது? மன்னனின் நகரம் போனது, சிற்பியின் பார்வை மிஞ்சியது என்று பலர் எழுதுவார்கள், கலை அதிகாரத்தைவிட நீடித்தது என்று முடிப்பார்கள். அதோடு நிறுத்தாதீர்கள். மிஞ்சியது சிற்பியின் திறமை மட்டும் இல்லை, அந்த ஏளனமும் சேர்ந்தே மிஞ்சியிருக்கிறது. ஆட்களைப் பார்த்து உதட்டைச் சுழிக்கும் அந்தக் குணம் இன்னும் உயிரோடிருக்கிறது என்று கவிதை வெளிப்படையாகச் சொல்கிறது. நிலையாமைக் கவிதை என்று பெயர் வாங்கிய ஒன்று, அதிகாரத்தின் ஒரு பகுதி மட்டும் சாகவில்லை என்று ஒப்புக்கொள்கிற இடம் இது. இதைத் தொட்டுவிட்டால் உங்கள் ஆய்வு தனியாகத் தெரியும்.

படி 5: கல்வெட்டை இரண்டு முறை படியுங்கள்

முதலில் மன்னனாக. சுற்றிலும் கோயில், அரண்மனை, நகரம். வேற்று நாட்டு அரசர்கள் வந்து நிற்கிறார்கள். ‘இதற்கு ஈடாக உங்களால் கட்ட முடியாது, மனமொடிந்து போங்கள்’ என்கிறான்.

இப்போது பயணியாக. சுற்றிலும் மணல். அதே சொற்கள்தான். ‘வலியவர்களே, இவ்வளவு பெரியவனின் செயலுக்கே இந்தக் கதி, உங்கள் கதியை நினைத்து மனமொடிந்து போங்கள்.’ கட்டளை இன்னும் செல்லுபடியாகிறது, வலியவர்கள் மனமொடியக் காரணமும் இருக்கிறது. காரணம் மட்டும்தான் மாறிவிட்டது. இதைத்தான் முரண்நகை என்கிறோம். கட்டுரையில் ‘இங்கே முரண்நகை உள்ளது’ என்று பெயரைச் சொல்லிவிட்டுப் போகாமல், இப்படி இரண்டு வாசிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அடுத்த வாக்கியம்: ‘நத்திங் பிசைட் ரிமெய்ன்ஸ்’. மூன்றே சொல், அதோடு முற்றுப்புள்ளி. ஆச்சரியக்குறியோடு முடிந்த முழக்கத்துக்கு நேர் கீழே இந்தத் தணிந்த குரல். கவிஞர் வாதாடவில்லை, திட்டவில்லை, பயணி தான் பார்த்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

படி 6: வடிவமும் இயைபும்

சானட் என்றால் பதினான்கு வரி, வரிக்குப் பத்து அசை, ஐயாம்பிக் பென்டாமீட்டர் (அழுத்தமில்லாத அசையும் அழுத்தமான அசையும் மாறி மாறி ஐந்து முறை வரும் சந்தம்). இத்தாலிய வகையில் எட்டு வரி, பிறகு ஆறு வரி, ஒன்பதாம் வரியில் திருப்பம், அதாவது கருத்து திசை மாறும் இடம். ஷேக்ஸ்பியர் வகையில் மூன்று நாலடியும் கடைசியில் ஓர் ஈரடியும். இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருப்பது.

ஷெல்லி இரண்டுக்கும் கட்டுப்படவில்லை. தமிழில் இயைபு என்று சொல்கிற அந்த ஈற்றொலி ஒப்புமையை எழுத்துப் போட்டுக் குறித்தால் முதல் எட்டு வரி அ-ஆ-அ-ஆ-அ-இ-ஈ-இ, அடுத்த ஆறு வரி உ-ஈ-உ-ஊ-உ-ஊ என்று வரும். ஏழாம் வரியில் தொடங்கிய ‘ஈ’ ஒலிக்கு ஜோடி பத்தாம் வரியில்தான் கிடைக்கிறது, அதாவது எட்டு வரிக்கும் ஆறு வரிக்கும் நடுவே இருக்க வேண்டிய சுவரைத் தாண்டி. இதைப் பார்த்ததும் ‘உடைந்த சிலைபோல வடிவமும் உடைந்திருக்கிறது’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதலாம், ஆனால் அதைவிட உறுதியான சான்று அந்த ஜோடிகளிலேயே இருக்கிறது. எந்தச் சொல் எதோடு இயைகிறது என்று பட்டியல் போடுங்கள். ‘சாண்ட்’ என்ற மணலோடு ‘கமாண்ட்’ என்ற ஆணை. உயிரற்ற ‘திங்ஸ்’ என்ற பொருள்களோடு மன்னாதி மன்னனின் ‘கிங்ஸ்’. ‘டிஸ்பேர்’ என்ற மனமொடிதலோடு ‘பேர்’ என்ற வெறுமை. ‘டிகே’ என்ற சிதைவோடு ‘அவே’ என்ற தூரம். கவிதை வெளிப்படையாகச் சொல்லாத வாதத்தை இந்த ஜோடிகள் காதுக்குச் சொல்லிவிடுகின்றன. மன்னர்கள் என்ற சொல் வருவதற்கு மூன்று வரி முன்னாலேயே அதற்கான ஒலி ‘உயிரற்ற பொருள்’ என்ற இடத்தில் காத்திருக்கிறது.

திருப்பம் எங்கே? ஒன்பதாம் வரி ‘அண்ட்’ என்று, முந்தியதன் தொடர்ச்சிபோலச் சாதாரணமாகத் தொடங்குகிறது. உண்மையான திருப்பம் பன்னிரண்டாம் வரியில், அந்த மூன்று சொல்லில் என்பது என் வாசிப்பு. நீங்கள் ஒன்பதுக்கு வாதிட்டாலும் சரி, காரணம் கொடுங்கள்.

ஓசையில் ஒன்றிரண்டு போதும். கடைசி இரண்டு வரியில் மோனை வரிசையாக வருகிறது: ‘பவுண்ட்லெஸ் அண்ட் பேர்’, ‘லோன் அண்ட் லெவல்’, ‘சாண்ட்ஸ் ஸ்ட்ரெச்’. உயிரொலிகள் நீளமானவை, வேகமாக வாசிக்க முயன்றாலும் நாக்கு ஓடாது. மாறாக ‘லுக்’ என்ற கட்டளை வரியின் முதல் அசையிலேயே அழுத்தமாக விழுகிறது. ஒவ்வொரு மோனைக்கும் பொருள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

படி 7: இப்போது வரலாறு, ஆனால் மூலத்தோடு ஒப்பிட்டு

ஓசிமாண்டியஸ் என்பது எகிப்தை 66 ஆண்டுகள் ஆண்ட இரண்டாம் ராமேசஸின் அரியணைப் பெயர் கிரேக்க நாவில் திரிந்த வடிவம். ஆட்சிக்காலம் பொதுவாகக் கி.மு. 1279 முதல் 1213 வரை என்று கொள்ளப்படுகிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் டயோடோரஸ் சிக்குலஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் இந்த மன்னனின் சிலையையும் கல்வெட்டையும் விவரித்திருக்கிறார். ஷெல்லியின் கவிதைக்கு வேர் அங்கே இருக்கிறது. இதுவரை எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, ஷெல்லி எதை மாற்றினார் என்பது.

டயோடோரஸ் விவரிக்கிற சிலை முழுசாக இருக்கிறது, அவ்வளவு பெரிய கல்லில் ஒரு விரிசல்கூட இல்லை என்று வியக்கிறார். உடைத்தவர் ஷெல்லி. டயோடோரஸ் தருகிற கல்வெட்டு, நான் எவ்வளவு பெரியவன், எங்கே கிடக்கிறேன் என்று அறிய விரும்புகிறவன் என் செயல்களில் ஒன்றையாவது மிஞ்சிக் காட்டட்டும் என்று சவால் விடுகிறது. ஷெல்லியின் மன்னன் போட்டிக்கே அழைக்கவில்லை, பார்த்து ஒடிந்துபோ என்கிறான். அந்த மாற்றம் இல்லாவிட்டால் படி 5-இல் பார்த்த இரட்டைப் பொருளுக்கே இடமில்லை. பாலைவனமும் அப்படித்தான். ராமேசஸின் நினைவுக்கோயிலான ராமேசியம் இருப்பது லக்சருக்கு எதிரே நைலின் மேற்குக் கரையில், பச்சை வயல்களின் ஓரத்தில். எகிப்துக்கே போகாத ஷெல்லி வயலையும் ஆற்றையும் ஊரையும் நீக்கிவிட்டு மணலை மட்டும் வைத்தார்.

அந்தக் கோயிலிலிருந்து 7 டன்னுக்கு மேல் எடையுள்ள ராமேசஸ் சிலையின் மேற்பகுதியை 1816-இல் பெல்சோனி என்ற இத்தாலியர் பெயர்த்து அனுப்பினார், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. ஷெல்லி அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார் என்று பல இடங்களில் போகிறபோக்கில் எழுதியிருப்பார்கள், நம்பாதீர்கள். சிலை லண்டன் வந்து சேர்ந்தது 1818-இல், கவிதை அதற்கு முன்பே அச்சாகிவிட்டது. சிலை வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்டிருக்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அரசியல் சூழலுக்கு இரண்டு மூன்று வாக்கியம் ஒதுக்குங்கள். வாட்டர்லூவில் தோற்ற நெப்போலியன் 1817-இல் செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்தார், உயிரோடு. இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் மனநிலை பிறழ்ந்து கிடக்க, மகன் ஆட்சிப் பொறுப்பைக் கவனித்தார். கவிதை 1818 ஜனவரி 11 அன்று ‘எக்ஸாமினர்’ இதழில் ‘கிளிராஸ்டிஸ்’ என்ற புனைபெயரில் வெளிவந்தது. அந்த இதழின் ஆசிரியர் லீ ஹண்ட், அந்த இளவரசரைத் தாக்கி எழுதியதற்காக இரண்டு வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். பீடத்து ‘வலியவர்களே’ என்ற விளி அந்த இதழின் வாசகர்களுக்கு எகிப்தை மட்டும் நினைவூட்டியிருக்காது.

படி 8: பக்கத்து வீட்டுக் கவிதையோடு ஒப்பிடுங்கள்

1817 டிசம்பர் கடைசியில் மார்லோவில் இருந்த ஷெல்லி வீட்டுக்கு நண்பர் ஹோரஸ் ஸ்மித் வந்திருந்தார். இருவரும் ஒரே பொருளில் ஆளுக்கொரு சானட் எழுதினார்கள். ஸ்மித்தின் கவிதையும் சில வாரத்தில் அதே இதழில் வந்தது. இதைத் தேடி வாசியுங்கள், ஷெல்லி எதைச் செய்யாமல் விட்டார் என்பது பளிச்சென்று தெரியும். ஸ்மித்திடம் பயணி இல்லை, சிற்பி இல்லை, முகம் இல்லை. ஒரே ஒரு கால் நிற்கிறது. மன்னன் பெயர் நான்காம் வரியிலேயே வந்துவிடுகிறது. பிற்பாதியில் லண்டன் அழிந்து காடாகி, ஓநாயைத் துரத்திவரும் வேட்டைக்காரன் ஒருவன் பெரிய இடிபாட்டுத் துண்டைக் கண்டு நின்று, இங்கே எந்த இனம் வாழ்ந்ததோ என்று யோசிக்கிறான். ஸ்மித்தை மட்டமாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடில்லை. லண்டன் அழிந்து கிடப்பதைக் கற்பனை செய்தது துணிச்சல். ஆனால் பாடத்தை அவர் நம் கையில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார், ஷெல்லி மணலைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்.

படி 9: எழுதும்போது

முதல் பத்தியில் கவிஞரின் பிறந்த தேதியும் இறந்த தேதியும் வேண்டாம். உங்கள் வாதத்தை ஒரே வாக்கியத்தில் வையுங்கள். பிறகு ஒவ்வொரு பத்தியிலும் ஒரு கூற்று, அதற்குக் கவிதையிலிருந்து சில சொல் சான்று, அந்தச் சொல் என்ன செய்கிறது என்ற விளக்கம். விளக்கம்தான் நீளமாக இருக்க வேண்டும். மாதிரிக்கு:

“மன்னனின் பெயரை ஷெல்லி பத்தாம் வரிவரை நிறுத்திவைக்கிறார். அதற்குள் வாசகர் உடலற்ற கால்களையும் புதைந்த முகத்தையும் பார்த்துவிடுகிறார். ஆகவே ‘மன்னாதி மன்னன்’ என்ற பட்டம் ஒலிக்கும்போதே அதை மறுக்கும் சான்று கண்முன் இருக்கிறது. ‘கிங்ஸ்’ என்ற சொல் மூன்று வரிக்கு முந்தைய ‘திங்ஸ்’ என்ற சொல்லோடு இயைந்து, மன்னர்களை உயிரற்ற பொருள்களின் வரிசையில் சேர்த்துவிடுகிறது.”

இதில் ‘அழகாக’, ‘அற்புதமாக’ என்று ஒன்றும் இல்லை, ஆனால் எழுதியவர் கவிதையை உண்மையிலேயே வாசித்திருக்கிறார் என்று தெரிகிறது.

இந்தப் படிகள் கைவந்ததும் ஷெல்லியின் ‘1819-இல் இங்கிலாந்து’ சானட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மன்னன் சிலை இல்லை, உயிரோடிருக்கும் கிழவன், முதல் வரியிலேயே வருகிறான். இயைபை எழுத்துப் போட்டுக் குறியுங்கள், ஆறு வரிப் பகுதி முன்னாலும் எட்டு வரிப் பகுதி பின்னாலும் இருக்கும். கவிஞர் உயிரோடிருந்தவரை அது அச்சாகவில்லை, 1839-இல்தான் வெளிவந்தது. அதற்கான காரணத்தை அந்த முதல் வரியிலிருந்தே தேடத் தொடங்கலாம்.